சென்னியப்பன் வண்டிக்குள் வந்த கடல்

சென்னியப்பன் புது வண்டி எடுத்த மூன்றாம் நாள் காலையில் அதற்குள் கடல் வந்திருந்தது. பெரிய கடல் என்று சொல்லிவிட முடியாது. கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர், அதற்கடியில் கொஞ்சம் மணல், மணலில் நாலைந்து சிப்பி, பின்சீட்டுக்குக் கீழே வழி தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பொடி நண்டு, அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் ஓர் அலை எழும்பி அவன் செருப்பை நனைத்துவிட்டு, திரும்பப் போய் பிரேக் பெடலுக்கு அடியில் அடங்கியது. சென்னியப்பன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்து, "ஏம்புள்ள, வண்டிக்குள்ள கடல் வந்திருக்குது, வந்து பாரு" என்றான். ஜெசிந்தா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்து, "எங்க ஊருத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு, இட்லி வெந்துவிடுமே என்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரைப் பகலாவது பிடிக்கும். எங்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் பூமிக்கு அடியில் கிடப்பதுதான். போர் போடுகிற ரிக் வண்டிகளை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரைக்கும் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய், பாஷை தெரியாத ஊர்களில் பாறையைத் துளைத்து, கண்டவன் காட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, வீடு திரும்பியதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஜனங்கள் நாங்கள். சென்னியப்பனும் அப்படிப்பட்ட ரிக்காரன்தான். இன்னொருத்தர் ரிக்கில் அவன் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில், மாதா கோயிலுக்கு போர் போடப் போனான். உப்பு மண்ணில் நல்ல தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரைப் பிடிக்கக் குடத்தோடு வந்தவள்தான் ஜெசிந்தா. அவள் அப்பா தொம்மை, சொந்தப் படகு வைத்திருந்தவர். விஷயம் தெரிந்த அன்று அவர் கடற்கரையில் அத்தனை பேருக்கு முன்னால் வைத்து, "எம் மவள எதுலலே கூட்டிட்டுப் போவ? ஊரான் லாரியிலயா?" என்று கேட்டார்.

ஊரான் லாரியில்தான் கூட்டிக்கொண்டு வந்தான். வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்கி, எந்தப் பைப்பும் எட்டாத ஆழத்துக்குப் போய்த் தங்கிவிட்டது. சொந்தமாக ஒரு வண்டி, பார்த்தவுடன் நாலு பேர் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு வண்டி, அதில்தான் மாமனார் வாசலுக்குப் போவது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டான். முதலில் மோட்டார் பைக் வாங்கினான், இதில் போய் நின்றால் சிரிப்பார்கள் என்றான். கைமாறிய ஆம்னி வேன் வாங்கினான், அதற்கும் அதையே சொன்னான். சொந்த ரிக் வாங்கினான். ஊரே மாலை போட்டது. அப்போதும், "ரிக்கும் லாரிதானே புள்ள" என்றான். பிள்ளை குட்டி இல்லை, அதைப் பற்றி இருவரும் அழுது பேசி முடித்துவிட்டார்கள். ஜெசிந்தா தனியாகப் போய் வந்திருக்கலாமே என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆணும் பெண்ணும் சரிபாதியாக நிற்கிற சாமி எங்கள் மலைமேல் இருக்கிறது. அந்தப் படியில் வைத்து, போனால் இருவராகத்தான் போவது என்று அவன் அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். மாதா கோயில்காரி, மலைப்படியில் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினாள். அங்கிருந்த அண்ணன் நம்பருக்கு எப்போதாவது போன் போடுவாள். குரலைக் கேட்டதும் அவர் வைத்துவிடுவார். அவர் வைப்பதற்கு முந்திய அந்த ஒரு நொடியில் பின்னால் கடல் இரைவது கேட்கும், அது போதும் என்பாள்.

இப்படியிருக்கத்தான் ஆவணியில் அந்த வெள்ளை எஸ்யூவி வந்தது. ஷோரூமில் கழுத்துப் பட்டை கட்டிய பெண், வண்டியைக் காட்டியதைவிட அதற்கு மேலே போடுகிற சாமான்களைத்தான் அதிகம் காட்டினாள். கதவு கண்ணாடிக்கு மேலே மழை வைசர், சக்கரத்துக்குப் பின்னால் மட் ஃபிளாப், ஏறி இறங்க ஃபுட்போர்டு, கூரையில் கேரியர், கைப்பிடிக்குக் குரோம் பட்டை, ஓரம் உயர்ந்த ரப்பர் மேட். "ஒரு சொட்டுத் தண்ணி கீழ இறங்காதுங்க சார், தட்டு மாதிரி பிடிச்சுக்கும்" என்று மேட்டை வளைத்துக் காட்டினாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வண்டிக்கு அடியில துரு பிடிக்காம ஒரு பூச்சு அடிப்பாங்களே, அது வேணும்."

"இங்கெல்லாம் அது தேவைப்படாதுங்க மேடம். கடலோரத்துல இருக்கறவங்கதான் அடிப்பாங்க."

"கடலோரத்துக்குத்தான் போறோம்" என்றாள் ஜெசிந்தா. சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "அடிச்சிருங்க" என்றான்.

போவதாகத்தான் இருந்தது. மலையடிவாரத்தில் பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு வீட்டுக்கு வந்த அன்று, "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றுகூட வாய்விட்டுச் சொன்னான். அதற்குள் சின்ராசு வந்துவிட்டான். ஈரோடு ரோட்டில் கார் அலங்காரக் கடை வைத்திருப்பவன், சென்னியப்பனோடு படித்தவன். வண்டியைச் சுற்றி வந்து, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன மாப்ள, வெறும் வண்டியாட்டம் நிக்குது? மாமனார் ஊட்டுக்கு இதையேவா ஓட்டீட்டுப் போறே? ஆனை வாங்குனவன் அங்குசத்துக்கு யோசிப்பானா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போயிற்று. கடல் வந்தது சின்ராசு வந்து போனதற்கு மறுநாள் காலையில்தான்.

எங்கள் ஊரில் எங்கே தண்ணீர் தென்பட்டாலும் மனுஷனுக்குக் கை துறுதுறுக்கும். கார் ஷெட்டுக்குள் தண்ணீர் ஊறுகிறது என்ற செய்தி பரவியதும் ரிக் முதலாளிகள் பத்துப் பேர் பல் துலக்காமல் வந்தார்கள். ஒருவர் நீரோட்டம் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தார், தேங்காய் எழுந்து நின்றது. ஒருவர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, உப்பு அதிகம்தான், ஆனால் ஊற்று பலமான ஊற்று என்றார். வண்டிக்குள் வந்த தண்ணீருக்கு வண்டிக்கு அடியில்தான் மூலம் இருக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எஸ்யூவியைத் தெருவுக்குத் தள்ளி, ஷெட்டின் தகரக் கூரையைப் பிரித்து, காம்பவுண்டு சுவரில் பாதியை இடித்து, ரிக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, கற்பூரம் காட்டித் துளைக்க ஆரம்பித்தார்கள். ஆயிரம் அடியைத் தாண்டியும் புகைதான் வந்தது. தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகி, மனுஷர்களெல்லாம் விபூதிச் சாமியார்களாகி நின்றபோது, தெருமுனையில் நிறுத்தியிருந்த வண்டியில் அலை அடித்துக்கொண்டிருந்தது. சரி, இது நம்ம லைன் தண்ணீர் இல்லை என்று பைப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெசிந்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, நடுநடுவே, "ஏங்க, எங்க ஊருக்குப் போயிட்டு வந்துட்டா நின்னுருமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

காரணம் தெரியாவிட்டால் என்ன, பழகிக்கொள்ள எங்களுக்குத் தெரியும். காலையில் கதவைத் திறந்தால் கடல். வெயில் ஏறினால் வடிந்துவிடும். மணல் மட்டும் நிற்கும். மணலைப் பார்த்து முதலில் வந்தவர்கள் கொத்தனார்கள். உப்பு மணல் பூச்சுக்கு ஆகாது என்று முகம் சுளித்துப் போனார்கள். மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள், கதவைத் திறந்து ஓரமாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள், குணமானதாகச் சிலர் சொன்னார்கள். தெருப் பூனைகள் ஷெட்டிலேயே குடியேறின. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சிப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். புரட்டாசி அமாவாசையன்று ராமேசுவரம் போக வசதி இல்லாதவர்கள், போக நேரமில்லாதவர்கள், போக மனசில்லாதவர்கள் எல்லோரும் எள்ளும் தண்ணீருமாக வரிசையில் நின்று, டிரைவர் சீட்டுப் பக்கம் ஏறி, முன்னோர்களுக்கு விட வேண்டியதை விட்டு, பின் கதவு வழியாக இறங்கிப் போனார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதானே. ஐயர் ஒருவர் மட்டும் ஈரத் தலையோடு நின்று, கியர் எந்தத் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்குச் சாஸ்திரத்தில் இடமில்லையே என்று வருத்தப்பட்டார்.

இந்தச் சந்தடியில் வண்டிக்கு ஒவ்வொன்றாகச் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கம்பெனிச் சாமான் கட்சிக்காரர்கள், வெளியே வயரை வெட்டினால் வாரண்டி போய்விடும், கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் வேறு துணியை ஒட்டுப்போடுவார்களா என்றார்கள். வெளிச்சாமான் கட்சிக்குச் சின்ராசு தலைவன். "ரெண்டும் ஒரே பட்டறையில செய்யறதுதானுங்க, அவன் அட்டைப்பெட்டியில போட்டுத் தர்றான், நான் சாக்குல போட்டுத் தர்றேன்" என்பான். சென்னியப்பன் இரண்டு பேச்சையும் மாறி மாறிக் கேட்டான். வைசர் கம்பெனியில் போட்டான். ஃபுட்போர்டு சின்ராசுவிடம் போட்டான். ரிவர்ஸ் கேமரா எங்கே போடுவது என்று தீபாவளி வரைக்கும் யோசித்தான். தீபாவளி கழிந்தது.

இதில் ஒரு விசேஷம். சாமான் ஏற ஏறக் கடல் குறைந்தது. வைசர் போட்டபோது கணுக்காலுக்குக் கீழே இறங்கியது. மட் ஃபிளாப் போட்டபோது அலை நின்று வெறும் தண்ணீராகக் கிடந்தது. கதவு ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டியபோது ஒரு கை அள்ளுகிற அளவுதான் இருந்தது. கேட்க வேண்டுமா? சின்ராசு மார்பை நிமிர்த்திக்கொண்டு, கடலையே அடைத்தவன் என்று பேர் வாங்கினான். மழையில் வண்டி ஒழுகுகிறவர்கள் சேலத்திலிருந்தெல்லாம் அவனைத் தேடி வந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் மட்டும் அவனைத் திட்டினார்கள். ஜெசிந்தா நாள்தோறும் காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறந்து விரலை நனைத்துப் பார்த்தாள். தண்ணீர் குறைகிறதே என்று வேதனைப்பட்ட ஒரே ஆள், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராகவே கிடக்கிற ஊரில் பிறந்த அவள்தான்.

மார்கழியில் அவள் நேராகவே கேட்டாள். "கிறிஸ்மஸுக்காவது போலாங்க. அப்பா கோயில் குடில் முன்னாலதான் உக்காந்திருப்பாரு. நாம போயி நின்னா எந்திரிச்சுருவாரு. திட்டுனாலும் பரவால்ல."

"போலாம் புள்ள. அலாய் வீல் சொல்லி வெச்சிருக்கு, பத்து நாள்ல வந்துரும். இத்தன நாள் பொறுத்தோம், மொட்டச் சக்கரத்தோட போயா நிக்கறது?"

அலாய் வீல் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. சென்னியப்பன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தலைவலி என்றால் ரிக்கை நிறுத்திவிட்டு வருகிறவன். ஆனால் ஊரான் லாரியிலயா என்ற அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் வண்டியில் ஏதோ ஒன்று குறைவதாகவே அவனுக்குத் தெரிந்தது. பயந்தவனுக்கு வண்டி எப்படி முழுசாகும்?

பொங்கல் கழிந்து ஒரு காலை, மேட் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. மணலும் இல்லை. சென்னியப்பன் அதைக் கண்டு மகிழ்ந்து, ஈரம் போயிற்று, இனி நல்ல லெதர் சீட் கவர் போடலாம், அதுதான் கடைசி, அதோடு கிளம்பிவிடலாம் என்று வண்டியைச் சின்ராசு கடைக்கு ஓட்டிப் போனான். தெருவில் சிலர் கைதட்டினார்கள். குளித்துவிட்டு வந்த ஜெசிந்தாவிடம் பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, உங்க கடல் சரியாப் போச்சாம்" என்றாள். ஜெசிந்தாவுக்கு ஈரத் தலையைத் துவட்டத் தோன்றவில்லை. அப்படியே ஈரோடு ரோடு வரைக்கும் நடந்தாள்.

கடையில் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சீட்டெல்லாம் வெளியே வரிசையாக, கல்யாண வீட்டு நாற்காலிகள் மாதிரி கிடந்தன. புதிது மாட்டுவதற்காக முன் பம்பரைக் கழற்றியிருந்தார்கள். கதவுகளின் உள் அட்டையைக் கழற்றி வயர்கள் தொங்கின. அவள் உள்ளே குனிந்து, வெறுந்தகரத்தில் கிடந்த மேட்டைத் தடவி, விரலை நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை.

"எங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். "இப்பவே போகணும்."

"ஒரே நாளு புள்ள. நாளைக்குச் சாயங்காலம் எல்லாம் மாட்டி..."

"நீங்க மாட்டிக்கிட்டே இருங்க. நான் போறேன்."

"இந்த வண்டியோட எப்படிப் போயி நிக்கறது? பம்பர் இல்ல, சீட்டு இல்ல. இதுக்காடா இத்தன வருசம்னு கேக்க மாட்டாரா?"

"கேக்க அவரு இருக்கணுமில்ல?"

அவள் கத்தவில்லை. அதனால்தான் அது அவனைப் போய்த் தாக்கியது என்று சின்ராசு பிறகு எங்களிடம் சொன்னான். சென்னியப்பன் அப்படியே கீழே உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்குது புள்ள" என்றான். ஆறடி ஆள், காட்டில் பாம்புக்கும் கூலிச் சண்டைக்கும் பயப்படாதவன், அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்லி அழுதான். பிறகு எழுந்து, தானே ஸ்பேனரை எடுத்து, முன் சீட்டு இரண்டை மட்டும் தூக்கி வைத்து முடுக்கினான். சின்ராசு எதிர்ப்பக்க போல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

அங்கே நடந்ததெல்லாம் ஜெசிந்தா வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கரூர், திண்டுக்கல், மதுரை என்று வழியெல்லாம் டோல்கேட்டில் அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தார்களாம். பின்னால் சீட்டில்லாத தகரம் உருமி மாதிரி அதிர்ந்துகொண்டே வந்ததாம். வெயில் சாய்கிற நேரத்தில் ஊருக்குள் நுழைந்து, வீட்டுச் சந்துக்குள் வண்டி போகாததால், மாதா கோயில் அருகிலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். அந்தச் சந்துக்குள் எந்தக் காரும் போகாது என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். அவனுக்குத்தான் அன்று தெரிந்தது.

தொம்மை இருந்தார். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா எதிரே போய் நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை, திட்டவும் இல்லை. கடலைப் பார்த்த பார்வை மாறாமல், "யாரு, காத்த மறைக்கியது?" என்றார்.

"அப்பா."

அவர் கை காற்றில் தேடியது. அவள் குனிந்து முகத்தைக் கொடுத்தாள். நெற்றி, மூக்கு, கன்னம், காதில் தோடு என்று விரல்கள் மெதுவாகப் போயின. "ஏ ஜெசி... மெலிஞ்சு போனியே" என்றார். அவள் மெலியவில்லை, நன்றாகப் பருத்திருந்தாள். அவருக்கு நினைவிருந்தது பழைய முகம்தான்.

"கண்ணுக்கு என்னப்பா?"

"அது ஒரு வருசமாவே மங்கிட்டு வந்துது. காலையில எந்திரிச்சதும் இங்கன உக்காந்து கடலப் பாப்பேன், நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டே வரும். இந்தக் கிறிஸ்மசுக்குக்கூட ஆள் மொகம் தெரிஞ்சுதும்மா. குடிலுக்கு வந்தவுக ஒவ்வொருத்தரையும் உத்து உத்துப் பாத்தேன். பொங்கலுக்குப் பொறவு ஒண்ணுமில்ல." ஏதோ கப்பல் போனதைச் சொல்வது போலத்தான் இதைச் சொன்னார்.

ஜெசிந்தா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று கேட்டோம். இல்லை, கோபப்பட முடியாதபடி அதற்குள் வீட்டுக்காரர் முகமே இடிந்துபோயிருந்தது என்றாள். சென்னியப்பன் மாமனாரின் காலடியில் மணலில் உட்கார்ந்திருந்தான். தொம்மை அவன் மூச்சைக் கேட்டு, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"மருமவனா? வாங்க. ரொம்பத் தொலையில்லா. எதுல வந்திய?"

எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. அதற்குப் பதிலாக எத்தனை வண்டி மாற்றி, எத்தனை சாமான் பார்த்துப் பார்த்து ஏற்றினான். கோயில் பக்கத்தில் அவன் வண்டியைச் சுற்றி அந்த நேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள்.

"பஸ்லதாங்க மாமா" என்றான் சென்னியப்பன்.

"பஸ்லயா? அப்பம் இடுப்பு ஒடிஞ்சிருக்குமே. எந்திரிச்சுக் கை கால் கழுவுங்க. ஜெசி, உள்ள சோறு இருக்கு, மீன் கொழம்பு இருக்கு, ரெண்டு பேருக்கும் போடு."

அவள் உள்ளே போனாள். அவன் பார்வையில்லாத அந்த மனிதரின் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தான்.